ஒப்பேற்றியதா, கவனம் தவறியதா?

கேள்வி: ஒரு வருடமாகச் சீன மொழி படிக்கிறேன். வீட்டுப்பாடத்தில் நிறைய எழுத்துப் பிழை விட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கும்போது, அகராதியில் ‘அக்கறையில்லாமல் வேலை செய்தல்’ என்று போட்டிருந்த ‘ஃபூயென் லியாவ்ஷி’ என்ற தொடரைச் சொன்னேன். ஆசிரியையின் முகம் மாறிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். “நீங்கள் கொடுத்த பாடத்தைச் சும்மா ஒப்பேற்றினேன்” என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கும்.

கவனம் சிதறிப் பிழை விடுவது வேறு; செய்ததாகக் காட்டுவதற்காக ஒப்புக்குச் செய்வது வேறு. சீனத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. ‘ஃபூயென்’ என்றால் மேலுக்குச் சமாளிப்பது. ‘லியாவ்’ முடிப்பது, ‘ஷி’ காரியம். வேலை நடந்த மாதிரி காட்டிவிட்டுத் தலைமுழுகுவதுதான் மொத்தப் பொருள். நம் ‘ஒப்பேற்றுதல்’ இதற்கு அப்படியே பொருந்தும். வேண்டுமென்றே செய்தது என்ற குற்றச்சாட்டு உள்ளே இருப்பதால், பெரும்பாலும் அடுத்தவரைக் கண்டிக்கத்தான் இது வரும். ‘பியே ஃபூயென் லியாவ்ஷி’ என்றால் ‘ஒப்பேற்றாதே’.

உங்களுக்கு வேண்டிய சொல் ‘மாஹூ’. ‘வோ தாய் மாஹூ லெ’, அதாவது ‘ரொம்பக் கவனக்குறைவாக இருந்துவிட்டேன்’. இதில் பிழை உண்டு, ஏமாற்று இல்லை. இரட்டித்து ‘மாமாஹூஹூ’ என்றால் ‘ஏனோதானோ’. நலம் விசாரித்தால் ‘சுமார்’ என்று சொல்லவும் அதுவே. இதை எழுதும் எழுத்துகளில் ‘மா’ என்றால் குதிரை, ‘ஹூ’ என்றால் புலி. புலித்தலையும் குதிரை உடலுமாக ஓர் ஓவியர் வரைந்து வைக்க, அதைப் பார்த்து வளர்ந்த மூத்த மகன் புலியென்று நினைத்துக் குதிரையைக் கொன்றான், இளையவன் குதிரையென்று நினைத்துப் புலியிடம் மாட்டினான் என்று ஒரு கதை சொல்வார்கள். எழுத்தை மறக்காமலிருக்க அருமையான கதை. சொல் பிறந்த வரலாறாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சரிப்பில் ஒரு பொறி இருக்கிறது. ‘மாஹூ லெ’யின் கடைசி எழுத்தும் ‘ஃபூயென் லியாவ்ஷி’யின் மூன்றாம் எழுத்தும் ஒன்றேதான். வாக்கிய முடிவில் ‘லெ’ என்று தேய்ந்து ஒலிக்கும். ‘முடித்தல்’ என்ற பொருளில் ‘லியாவ்’ என்று முழுதாக ஒலிக்கும். தொடரின் நடுவில் ‘லெ’ என்று வாசிப்பது கற்பவர்கள் பலரும் விடும் பிழை. அப்புறம், ‘யென்’, ‘லியாவ்’ இரண்டுமே மூன்றாம் தொனி, அதாவது குரல் தாழ்ந்து ஏறும் அசைகள். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக ஏறும். எனவே ‘யென்’னை மேல்நோக்கி இழுத்துச் சொல்லுங்கள்.

அகராதியில் இதே வரிசையில் இன்னும் இரண்டைப் பார்ப்பீர்கள். ‘த்சூஜி லான்ட்ஸாவ்’ தரம் பார்க்காமல் செய்து குவிக்கும் பொருள்களுக்கு. ‘தோவ்கோங் ஜியென்லியாவ்’ வேலையைத் திருடிச் சரக்கைக் குறைப்பது. சிமெண்டைக் குறைத்துக் கட்டும் ஒப்பந்தக்காரருக்கு உரியது. வீட்டுப்பாடத்துக்கு இரண்டுமே வேண்டாம்.

அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் இதைச் சொல்லுங்கள்: ‘வோ பூஷி ஃபூயென், ஷி தாய் மாஹூ லெ.’ ஒப்பேற்றவில்லை, கவனம்தான் தவறிவிட்டது.