ஹீல்ஸை வெட்ட வேண்டாம், கழற்றி மாட்டும் வகையைப் பாருங்கள்

அலுவலகத்துக்குத் தட்டையாகவும் மாலை வரவேற்புக்கு உயரமாகவும் ஒரே ஜோடி வேண்டும், இருக்கிற 3 அங்குல ஹீல்ஸை வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். பாத வளைவுக்கு அடியில் பெரும்பாலும் ஓர் எஃகுப் பட்டை இருக்கும், அந்த உயரத்துக்கென்றே வளைத்தது. ஹீலை அடியோடு எடுத்தால் செருப்பின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், நடக்கும்போது பின்னால் சாய்வீர்கள். அரை அங்குலத்துக்குள் குறைப்பது வேறு, அதை நல்ல செருப்புத் தொழிலாளி செய்துவிடுவார்.

கழற்றி மாட்டும் ஹீல் உள்ள ஜோடிகள் தனியாகவே வருகின்றன. அமெரிக்காவின் பேஷன் ஃபுட்வேர் (Pashion Footwear) என்ற நிறுவனத்தின் ஜோடி அப்படி ஒன்று. ஹீலை எடுத்ததும் அடிப்பகுதி வளைந்து தட்டையாகிவிடும். எதை வாங்கினாலும் சரி, முதலில் பத்து முறை கழற்றி மாட்டி, ஹீலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கணுக்கால் பிசகிவிடும். அப்புறம், மாற்று ஹீல் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.