மஞ்சப்பை: தைப்பது முதல் திரும்ப வாங்குவது வரை

கேள்வி (மகளிர் சுயஉதவிக் குழு, தேனி): அக்கா, ஒரு மீட்டர் காடாத் துணியில் எத்தனை பை வரும்? கைப்பிடி சீக்கிரம் பிய்ந்து வருகிறது, என்ன செய்வது?

பதில்: துணி 36 அங்குல அகலம் என்றால் சரியாக இரண்டு பை வரும். ஒரு பைக்கு 15 அங்குல அகலம், 35 அங்குல நீளத்தில் ஒரே துண்டு வெட்டி நடுவில் மடியுங்கள். அடியில் தையலே வராது, கனம் தாங்கும். மிஞ்சும் 6 அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டினால் நாலு கைப்பிடி. வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்கினாலும் கைப்பிடி அகலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கைப்பிடியைப் பையின் விளிம்பில் ஒற்றைத் தையலோடு விட்டால் முழுப் பாரமும் அந்த ஒரு வரி நூலில் விழும். வாயை ஒன்றரை அங்குலம் மடியுங்கள். கைப்பிடி நுனியை அந்த மடிப்பின் அடிவரை இறக்கிச் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போல இரண்டு தையல் போடுங்கள். அனுப்பும் முன் ஒரு பையில் 5 கிலோ அரிசி போட்டு இரவு முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய சேலை ஆகுமா?

பதில்: தாராளமாக. ஐந்தரை மீட்டர், 45 அங்குல அகல நூல் சேலையில் இதே அளவில் 15 பை, கைப்பிடியோடு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் தெரிந்தால் இரட்டையாகத் தைக்கவேண்டும். அப்போது 7 பைதான்.

கேள்வி (மளிகைக் கடை, திண்டுக்கல்): சப்ளையர் கொண்டுவரும் துணி மாதிரியான பையைத் தரலாமா? கனமான கேரி பை?

பதில்: இரண்டும் கூடாது. அந்தத் 'துணி' பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு நூலை இழுங்கள். நெய்த துணியில் நீளமாக உருவி வரும், இதில் பஞ்சு போலப் பிய்யும். சின்னத் துண்டைக் கொளுத்தினால் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். மத்திய அரசின் விதியில் 120 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிய கேரி பைக்குத்தான் தடை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பைக்குத் தடிமன் கணக்கே கிடையாது, எல்லாமே தடைதான்.

கேள்வி (குடியிருப்போர் சங்கம், கோவை): வீட்டுக்கு இரண்டு மஞ்சப்பை இலவசமாகக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்தும் பாலிதீன் குறையவில்லை. இன்னும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பை எல்லா வீட்டிலும் இருக்கிறது, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கடைக்கு வருவதில்லை என்பதுதான் சிக்கல். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் போட்ட கணக்கில், புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், ஒருமுறை எடுத்த மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருத்திப் பையை 131 முறை எடுக்கவேண்டும். வாரம் இரண்டு முறை என்றால் ஒன்றேகால் வருஷம். அலமாரியில் தூங்கும் பையால் நஷ்டம்தான்.

அந்தப் பணத்தில் தெருக் கடைகளில் இரவல் பை நடத்துங்கள். பைக்கு வரிசை எண் அச்சிட்டு, முன்பணம் வாங்கிக் கொடுத்து, திரும்பி வந்ததும் பணத்தைத் தந்துவிடுங்கள். முன்பணம் பையின் அடக்க விலைக்குக் குறையவே கூடாது. 40 ரூபாய்ப் பைக்கு 10 ரூபாய் வாங்கினால் ஜனங்கள் அதை மலிவாக வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தத் திட்டம் பெரும்பாலும் விழுவது இங்கேதான். நாளைக்கு 40 பை போய், வாரத்தில் திரும்பினால் 280 புழக்கத்தில் இருக்கும். துவைப்பதற்கும் கிழிவதற்கும் சேர்த்து 350 வையுங்கள். எந்தக் கடையில் எடுத்தாலும் தெருவின் எந்தக் கடையிலும் திருப்பலாம் என்று கடைக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: மீன், மாவு வாங்க என்ன வழி? துணிப்பை நாறிவிடுகிறதே.

பதில்: எவர்சில்வர் தூக்கு. காலித் தூக்கைத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்தி, பூஜ்யம் காட்டிய பிறகு மீனைப் போடச் சொல்லுங்கள். பாத்திரத்தின் எடையும் தராசின் கொள்ளளவில் சேரும் என்பதால் சின்னத் தராசில் கனமான பாத்திரம் வேண்டாம்.