அம்பைவிட தண்ணீர் கொன்றது அதிகம்

ஐயா,
அமெரிக்காவில் குடியேறிகள் வண்டி கட்டி மேற்கே போன ஓரிகன் பாதையை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். 1850-இல் மிசூரியிலிருந்து கிளம்பும் குடும்பத்தைச் செவ்விந்தியர்கள் தாக்குவதுதான் முதல் அத்தியாயம். அந்த வண்டியில் எத்தனை மாடு பூட்டுவார்கள்?

அன்புள்ள தம்பி,

இவ்வளவு தூரத்து மண்ணை எழுதத் துணிந்ததே எனக்குச் சந்தோஷம். மாடு இரண்டு மூன்று ஜோடி இருக்கும், அதை விடுங்கள். முதல் அத்தியாயத்திலேயே தாக்குதலா? எத்தனை காலம்தான் சினிமாவைப் பார்த்தே சரித்திரம் எழுதுவீர்கள்? 1840-லிருந்து 1860 வரை அந்தப் பாதையில் பூர்வகுடிகள் கையால் செத்த பயணிகள் நானூறு பேர்கூட இல்லை. பயணிகள் கொன்ற பூர்வகுடிகள் அதைவிட அதிகம். பல ஆறுகளில் வண்டியைக் கரை சேர்த்துவிட்டதே அவர்கள்தான்.

ஆயிரக்கணக்கில் கொன்றது காலரா. வங்காளத்தில் கிளம்பி, ஐரோப்பா சுற்றி, 1848 டிசம்பரில் கப்பலேறி நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து, நீராவிப் படகில் மிசூரிக்கும் போய்ச் சேர்ந்தது. பாதையை ஒட்டி ஓடும் பிளாட் ஆற்றின் தண்ணீர் ஒரே சேறு. அதனால் கரையோரம் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு குடித்தார்கள். அதே இடத்தில்தான் நேற்று வந்த கூட்டமும் தங்கி, பக்கத்திலேயே மலம் கழித்துவிட்டுப் போயிருக்கும். காலையில் மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து வந்த ஆள் பொழுது சாய்வதற்குள் பிணம். ஓநாய் தோண்டிவிடக் கூடாதென்று பாதையிலேயே புதைத்து, அதன் மேல் வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கிவிட்டுப் போனார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் பலர் நம்பினார்கள். காபிக்காகத் தண்ணீரைக் கொதிக்க வைத்தவர்கள், காரணம் தெரியாமலே கொஞ்சம் தப்பித்தார்கள்.

எங்கள் பாட்டி இரண்டு பிள்ளைகளை ஒரே நாளில் வாந்திபேதிக்கு வாரிக் கொடுத்தவள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கடைசிவரை யாருக்கும் தரமாட்டாள். பிளாட் ஆற்றைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அவள் அடுப்புதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று. 1849-இல் அந்த நோய் பானி, ஷையான் என்ற பூர்வகுடி மக்களையும் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது. ஓரிகனில் நிலம் வேண்டுமென்று யாரோ போனார்கள், இவர்கள் பிள்ளைகள் செத்தார்கள். அவர்களையா கையில் அம்போடு முதல் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள்? எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் கதைக் குடும்பத்தின் அம்மா குழியில் தண்ணீர் மொள்வதிலிருந்து தொடங்குங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.