கேள்வி – பதில்: டப்ளினிலிருந்து வந்த ஆட்டக்காரர்

கேள்வி: ஆஸ்திரேலியர்கள் கையாலும் காலாலும் ஆடும் அவர்களுடைய கால்பந்தை அண்மையில் தொலைக்காட்சியில் பார்த்தேன். பிறந்தது முதல் அந்தப் பந்தோடு வளர்ந்தவர்களே அதைத் தொழிலாகக் கொள்ள முடியும் என்று தோன்றியது. வெளிநாட்டிலிருந்து போய் அதில் முதலிடத்துக்கு வந்தவர் யாரேனும் உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்டு. அயர்லாந்தின் டப்ளினில் 1966இல் பிறந்த ஜிம் ஸ்டைன்ஸ், 18 வயது வரை ஆஸ்திரேலியக் கால்பந்தை ஆடியதே இல்லை. அவர் ஆடியது கேலிக் கால்பந்து. அது உருண்டைப் பந்து, செவ்வகத் திடல், அணிக்கு 15 பேர் என்ற கணக்கில் அமைந்தது. 1984இல் டப்ளின் இளையோர் அணி அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது அவர் அதில் இருந்தார். அதே காலத்தில் மெல்போர்ன் கிளப்பின் பயிற்சியாளராக இருந்த ரான் பராசி, கேலிக் ஆட்டத்தில் உயரமாகவும் ஓட்டத்தில் சலிக்காதவர்களாகவும் உள்ள இளைஞர்களைக் கொண்டுவந்து பழக்கினால் என்ன என்று எண்ணினார். பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவித்தொகை தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஸ்டைன்ஸ் விண்ணப்பித்தார், தேர்வானார், அவ்வாண்டின் இறுதியில் மெல்போர்ன் வந்து சேர்ந்தார்.

ஆஸ்திரேலிய ஆட்டத்தில் அணிக்கு 18 பேர். திடல் பெரும்பாலும் கிரிக்கெட் மைதானமே. பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறுகையின் முட்டியால் குத்தித்தான் தர வேண்டும். உயரமான நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி, சற்றே விலகிப் பக்கக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. உருண்டைப் பந்து எப்படித் துள்ளும் என்று பழகியவருக்கு, தரையில் பட்டதும் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாத இந்த நீள்வட்டப் பந்து பெருந்தொல்லை. ஆகவே முதல் அணியில் இடம்பெற அவருக்கு 1987 வரை ஆயிற்று. அதற்குமுன் சிறிய லீக் ஒன்றில் ப்ரஹ்ரான் அணிக்காக ஆடித் தேற வேண்டியிருந்தது.

கேள்வி: ஒரே ஒரு தவறால் அவர் தம் அணியின் வாய்ப்பைக் கெடுத்தார் என்று ஓரிடத்தில் படித்தேன். என்ன தவறு அது? (வாசகி, மதுரை)

பதில்: 1987ஆம் ஆண்டின் அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டம் அது. மெல்போர்ன் அணி 23 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்கு வந்திருந்தது, எதிரே ஹாதார்ன். வேவர்லி பார்க் திடலில் ஆட்டம் முடியும் தறுவாயில் மெல்போர்ன் 4 புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது, ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. அவர் உதைப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. ஆயினும் விதிப்படி அந்த ஓர் உதைக்கு உரிமை உண்டு. தூரம் அதிகம், கோல் விழுவது கடினம். அந்த நொடியில் ஸ்டைன்ஸ், எதிரணி வீரரைத் தொடர்ந்து ஓடும் வேகத்தில், பக்கனாராவுக்கும் அவருக்கு எதிரே நின்ற காவல் ஆட்டக்காரருக்கும் இடையே குறுக்கே ஓடிவிட்டார். அது விதிமீறல். உதைக்கும் இடத்தை 15 மீட்டர் முன்னே நகர்த்தும் தண்டனையை நடுவர் அளித்தார். எட்டாத தூரம் எட்டும் தூரமாயிற்று. கோல் விழுந்து ஹாதார்ன் 2 புள்ளிகளில் வென்றது. (அடுத்த ஆண்டே அத்தண்டனை 50 மீட்டராக உயர்ந்தது.) உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் ஜான் நார்தி அவரைக் கடிந்துகொண்டார்.

விதி தெரியாத அயல்நாட்டான் செய்த பிழை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. மூன்றாண்டுகள் அங்கே பயின்றவருக்கு விதி தெரியும். ஆனால் பதற்றத்தில் உடல் தன் பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிடுகிறது. 

கேள்வி: பிரவுன்லோ பதக்கம் என்பது என்ன? அதை அவர் பெற்றாரா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒவ்வொரு லீக் ஆட்டத்தின் முடிவிலும் கள நடுவர்கள் மிகச் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று வாக்களிப்பார்கள்; ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்து முதல்வருக்குத் தரப்படுவது அது. அந்த ஆண்டில் ஒழுங்கு மீறித் தடை பெற்றவர் எத்தனை வாக்கு வாங்கினாலும் தகுதியற்றவர். 1991இல் ஸ்டைன்ஸ் அதை வென்றார். அயர்லாந்தில் பிறந்து வளர்ந்த வேறெவரும் இன்றுவரை அதைப் பெறவில்லை. ஆட்டம் தொடங்கும்போது அக்காலத்தில் நடுவர் தரையில் அடித்து மேலே துள்ளவிட்ட பந்தை எம்பித் தட்டும் ‘ரக்மேன்’ அவருடைய இடம். அக்காலத்து ரக்மேன்கள் பருத்த உடலும் மெதுவான நடையும் கொண்டவர்கள். ஸ்டைன்ஸோ பந்தைத் தட்டிவிட்டு, அதன் பின்னாலேயே திடலின் மறுகோடிவரை ஓடுவார். கேலிக் ஆட்டத்தில் பழகிய அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க எதிரணி ரக்மேன்களால் இயலவில்லை.

கேள்வி: அவருடைய சாதனைகளில் எதைப் பெரிதாகச் சொல்வீர்கள்? (வாசகர், சேலம்)

பதில்: பதக்கத்தைவிட 244 என்ற எண்ணையே சொல்வேன். மொத்தம் 264 ஆட்டங்கள் ஆடியவர், அவற்றுள் 244ஐ 1987 முதல் 1998 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ச்சியாக ஆடினார். அதற்குமுன் ரிச்மண்டின் ஜாக் டைட்டஸ் 202 தொடர் ஆட்டங்களோடு முதலிடத்தில் இருந்தார். மோதலே வாழ்க்கையான ஓர் இடத்தில் ஆடியவருக்கு இது எளிதன்று. விலா எலும்பு உடைந்த நிலையிலும் அவர் களமிறங்கியதுண்டு. அதை நான் புகழவில்லை. இன்றைய மருத்துவர்கள் அனுமதிக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்தத் தொடர், சங்குக்குப் பின் குறுக்கே ஓடிய அதே 1987இல் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். 1998இல் ஓய்வு பெற்றார். சாம்பியன் பட்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. 1988 இறுதியாட்டத்தில் அதே ஹாதார்ன் 96 புள்ளிகளில் வீழ்த்தியது.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு? (வாசகி, கோவை)

பதில்: ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1994இல், திரைப்பட இயக்குநர் பால் கரியோடு சேர்ந்து இளைஞர்களுக்காக ‘ரீச்’ என்னும் அமைப்பைத் தொடங்கியிருந்தார். 2008இல் கடனில் தத்தளித்த மெல்போர்ன் கிளப்பின் தலைவர் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே தமக்குப் புற்றுநோய் என்று அறிவித்தார். சிகிச்சைக்கு இடையிலும் பதவியில் நீடித்து, 2010இல் கடன் தீர்வதைப் பார்த்தார். 2012 மார்ச் 20 அன்று 45 வயதில் காலமானார். விக்டோரியா மாநிலம் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது.

அவருடைய ஆட்டக் கணக்கு இரண்டும் இப்போது அவரிடம் இல்லை. ஐரிஷ்காரர் ஒருவர் ஆடிய அதிக ஆட்டங்கள் என்ற பெருமையை 2023இல் ஜீலாங்கின் ஸாக் டூஹி எடுத்துக்கொண்டார். 244 தொடர் ஆட்டங்களை 2025இல் காலிங்வுட்டின் ஜாக் கிரிஸ்ப் கடந்தார்.