அமெரிக்காவில் முன்னாள் ராணுவப் பெண்களுக்கு முதல்நிலை மருத்துவரிடமே இனப்பெருக்க நலச் சேவை என்கிறார்களே, அது என்ன?

காய்ச்சலுக்குப் பார்க்கும் அதே மருத்துவரே கருத்தடை, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிரமங்கள் எல்லாவற்றையும் கவனிப்பதுதான் இது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை மருத்துவமனைகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஏன் ஒரே இடத்தில்? வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடும் பெண் கருவுற்றால், குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சியே பாதிக்கப்படலாம். அவருடைய மருந்துச் சீட்டையும் குழந்தை ஆசையையும் ஒருவரே அறிந்திருந்தால், முன்கூட்டியே மாத்திரையை மாற்ற வழி பார்க்கலாம். வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்தவர் சமைப்பதைப் போல. என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டின் உயிரே இதுதான்.

பிரசவம் பெரும்பாலும் வெளி மருத்துவமனையில் நடக்கும்; செலவைத் துறை ஏற்கும். பிறந்த குழந்தைக்கும் முதல் 7 நாள் வரை கவனிப்பு உண்டு.

அப்புறம், போர்முனைக்குப் போனவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைத்து ஒதுங்க வேண்டாம்; போரில் ஈடுபடாதவர்களும் தகுதி பெறலாம்.