பொறுமைக்குச் சாட்சி யார்?

கேள்வி: மாங்காய் லோடுடன் கூழ்த் தொழிற்சாலை வாசலில் அரை நாள் நின்றாலும் முகம் சுளிக்காதவன் நான். என் மனைவியோ எனக்குப் பொறுமையே கிடையாது என்கிறார். என்னைப் பற்றி என்னைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரிந்துவிடும்?
- வாசகர் ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: உங்களைப் பற்றிச் சில செய்திகள் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், அவற்றில் பொறுமையும் ஒன்றா என்பதில்தான் எமக்கு ஐயம்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்குக்கும் இடையே வேறுபாடே கிடையாது. ஆயினும் இடக்கோடியில் இருந்ததைவிட வலக்கோடியில் இருந்ததை ஏறக்குறைய நான்கு மடங்குப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, அது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை. இடம்தான் காரணமோ என்று நேரடியாகவே கேட்டபோது, கேட்டவரின் புத்தியையே சந்தேகிப்பதுபோலப் பார்த்துவிட்டு ஏறக்குறைய எல்லோருமே மறுத்தார்கள். (போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரே மூட்டைப் புளியை நான்கு குவியலாக வைத்தாலும், ‘இதில்தான் சதைப்பற்று’ என்று சாதிக்க நம்மவர்கள் இருக்கக்கூடும்.) காலுறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை, பிறகு தோன்றிய காரணத்தை, முதலிலேயே மனத்தில் இருந்ததாக நம்பினார்கள்.

தொழிற்சாலை வாசலில் நீங்கள் காத்து நின்றதற்குப் பொறுமை என்று பெயரிட்டவரும் நீங்கள்தான். திரும்பிப் போனால் காய் பழுத்துவிடும், லாரி வாடகை ஏறும், எடை போடுபவரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்ற காரணங்களும் அங்கே இருந்திருக்கும். அவை எதுவும் இல்லாத இடம் உங்கள் வீடு. அங்கே உங்களைப் பார்ப்பவர் உங்கள் மனைவி.

அதற்காக அவரே எல்லாம் அறிந்தவர் என்று சொல்லவில்லை. உளவியலாளர் சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம், தன்மதிப்பு போன்று உள்ளுக்குள் நடப்பவற்றை அவரவரே நன்றாக அறிகிறார். அறிவுக்கூர்மை, படைப்புத்திறன் போன்று பாராட்டோ பழியோ ஒட்டிக்கொண்டிருக்கும் குணங்களையோ நண்பர்களே சரியாகக் கணிக்கிறார்கள். உள்ளே கோபம் வந்ததா என்பதற்கு நீங்கள் சாட்சி. அது வெளியே எப்படி வந்தது என்பதற்கு அவர் சாட்சி. பொறுமைசாலி என்பது நற்பெயராகவும் இருப்பதால், அதில் உங்கள் சாட்சியத்தைச் சற்றுக் குறைத்தே மதிக்க வேண்டியிருக்கிறது.

இதே விதி உங்கள் மனைவிக்கும் பொருந்தும். ஆனால் கேள்வி அனுப்பியவர் நீங்கள்.