கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஓர் எளிய ஜின் காக்டெயில்

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று அலுவலகத் தோழிகள் சிலர் குடும்பத்துடன் எங்கள் வீட்டு விருந்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஜின் கலந்த காக்டெயில் ஒன்றை நானே தயாரித்துத் தர ஆசை. ஆனால், கண்ணில் படும் செய்முறைகள் எல்லாம் நான்கைந்து வகை மதுபானங்களைக் கேட்கின்றன. ஒரே ஒரு ஜின் பாட்டிலை வைத்துக்கொண்டு விருந்துக்கு ஏற்றதாக என்ன செய்யலாம்?
– வாசகி, லண்டன்

பதில்: தயங்காமல் ‘ஃபிரெஞ்சு 75’ செய்யுங்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையினர் பயன்படுத்திய 75 மில்லிமீட்டர் பீரங்கியின் பெயரைத் தாங்கிய இந்தப் பானம், 1930இல் உங்கள் ஊர் சவாய் ஹோட்டலின் காக்டெயில் புத்தகத்தில் அச்சேறியது. ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப்பாகு ஆகியவற்றுடன் நுரைக்கும் ஒயின் ஒன்று இருந்தால் போதும்.

ஒரு கிளாஸுக்கு ஜின் 30 மி.லி., சாறு 15 மி.லி., பாகு 15 மி.லி., ஒயின் 60 மி.லி. என்பது கணக்கு. ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி. கொள்ளும் என்பதால் தனி அளவுக் கிண்ணம் வாங்க வேண்டியதில்லை. ஷேக்கருக்குப் பதிலாக, மூடி இறுகப் பொருந்தும் ஜாம் பாட்டில் ஒன்றில் முதல் மூன்றையும் ஊற்றி, நிறைய ஐஸ் கட்டிகளைப் போட்டு, பாட்டிலின் வெளிப்புறம் பனி பூத்துக் கை சில்லிடும்வரை குலுக்குங்கள். அந்தப் பத்துப் பதினைந்து விநாடிகளில் ஐஸ் சிறிது கரைந்து சேரும் தண்ணீர்தான் ஜின்னின் காரத்தைத் தணிக்கிறது. பிறகு வடிகட்டி, கடைசியாக ஒயினை மெதுவாக ஊற்றுங்கள். ஒயினைச் சேர்த்துக் குலுக்கினால் மூடி தெறித்துவிடும்.

ஒயின் விலையுயர்ந்த ஷாம்பெயினாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு அதன் நுட்பமான சுவை எடுபடாது என்பதால், ஸ்பெயினின் காவா அல்லது இத்தாலியின் புரோசெக்கோ போன்ற நுரைக்கும் ஒயினே போதும் என்பது என் கருத்து. புட்டியில், இனிப்புக் குறைந்தது என்பதைக் குறிக்கும் ‘புரூட்’ என்ற சொல் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று இருப்பது, பெயருக்கு மாறாக, புரூட்டைவிட இனிப்பானது. எலுமிச்சையிலும் கவனம் தேவை: நம் ஊர்க் கடைகளில் விற்கும் சிறிய பச்சைக் காயின் மணம் வேறு, இதற்கு மஞ்சள் நிறப் பெரிய பழத்தை அப்போதே பிழிந்த சாறுதான் வேண்டும். பிழியும் முன் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் விரல் நீளத்துக்குச் சீவி வைத்துக்கொண்டு, பரிமாறும்போது கிளாஸின் மேலே பிடித்து முறுக்கினால், நுண்ணிய எண்ணெய்த் துளிகள் தெறித்துப் பானத்தின் மேல் படியும். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே மணம் மூக்கைத் தொடும்.

பண்டிகைக்குச் சிவப்பு நிறம் வேண்டுமானால், பாகைக் கிரான்பெரியில் காய்ச்சுங்கள். பழம், சர்க்கரை இரண்டிலும் நூறு நூறு கிராம் எடுத்து, 100 மி.லி. தண்ணீரில் சிறு தீயில் வையுங்கள். பழத்தின் தோல் படபடவென்று வெடித்து, நிறம் இறங்கியதும் இறக்கி, மசிக்காமல் வடிகட்டுங்கள். அதிக நேரம் கொதித்தால் பாகு ஜாம்போல உறைந்துவிடும். ஜாமை உறையவைக்கும் பெக்டின் என்ற பொருள் கிரான்பெரியில் அதிகம்.

குறுகலான ஃபுளூட் கிளாஸ் இல்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். சவாய் புத்தகமே உயரமான கிளாஸில் நொறுக்கிய ஐஸின் மீது ஊற்றத்தான் சொல்கிறது.

கேள்வி: பன்னிரண்டு பேர் வந்தால் ஒவ்வொரு கிளாஸாகக் குலுக்கிக்கொண்டே நிற்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 750 மி.லி. ஒயின் பாட்டில் ஒன்று பன்னிரண்டு கிளாஸுக்குச் சரியாக வரும். அதற்கு ஜின் 360, சாறு 180, பாகு 180 மி.லி. என்று அன்று மதியமே கலந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். குலுக்காததால் ஐஸ் கரைந்து சேர வேண்டிய தண்ணீர் குறையும். அதற்கு ஈடாகக் குளிர்ந்த தண்ணீர் 150 மி.லி. சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தினர் அமர்ந்த பிறகு ஒயினைத் திறந்தால் போதும்.

கேள்வி: இது எவ்வளவு போதை தரும்? குடிக்காதவர்களுக்கு என்ன தரலாம்?

பதில்: எலுமிச்சை ரசம்போல லேசாக இறங்கினாலும் இது வலிமையான பானம். 40 சதவீத ஜின் 30 மி.லி., 12 சதவீத ஒயின் 60 மி.லி. என்று வைத்துக் கணக்கிட்டால், பிரிட்டனில் மதுவை அளக்கும் ‘யூனிட்’ முறைப்படி (ஒரு யூனிட் என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால்) ஒரு கிளாஸில் ஏறத்தாழ 1.9 யூனிட் இருக்கிறது; அங்கே மருத்துவ ஆலோசகர்கள் சொல்லும் உச்ச அளவு வாரத்துக்கு 14. இங்கிலாந்தில் கார் ஓட்டுவோருக்கு 100 மி.லி. இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது சட்ட வரம்பு, ஸ்காட்லாந்தில் 50. எத்தனை கிளாஸில் அந்த வரம்பைத் தொடுவோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், வண்டியோட்டி வந்தவர்களுக்கு இதைத் தராமலிருப்பதே நல்லது.

அவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குடிக்கும் வழக்கமில்லாதவர்களுக்கும் அதே கிரான்பெரிப் பாகு இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி கலந்து, குளிர்ந்த சோடா ஊற்றி, அதே வகைக் கிளாஸில் கொடுங்கள். நிறம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், கிளாஸ்கள் மாறிவிடாமலிருக்க இவற்றில் மட்டும் ஒரு ரோஸ்மேரி கொத்தைச் செருகி வையுங்கள்.